லெப்டொப்பில் வளையல் தடம்

1. ஜப்பான் மெஷின்

எங்கள் கடையில் விற்கிற பழைய லெப்டொப் எல்லாம் சிங்கப்பூரில் ஒரு லேடி டொக்டர் பாவித்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைத் தெரிந்துகொண்டேன். முன்னால் கவுண்டரில் நௌஷாத் மொதலாளி பேராதனை கெம்பஸ் பையன் ஒருவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரே ஓனர். லேடி டொக்டர். ஏசி ரூமுக்குள்ளேயே வெச்சிப் பாவிச்சது."

பின்னேரம் வந்த இன்னொருவரிடமும் அதே டொக்டரைச் சொன்னார். அந்த அம்மாவிடம் எத்தனை லெப்டொப் இருந்தது, நோயாளியை எப்போதுதான் பார்த்தார் என்று யோசித்துக்கொண்டே நான் மூடியில் ஒட்டியிருந்த பசையைத் தேய்த்தேன். நான் உரித்த ஸ்டிக்கரில் பியர் போத்தல் படம் இருந்தது. டொக்டர் அப்படிப்பட்ட டொக்டர்.

கடை கட்டுகஸ்தோட்டையில், ஒரு பாமசிக்கு மேல்மாடியில். மொதலாளி மடவளைக்காரர். நான் பாக்கியம். ஹந்தானைப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. லெப்டொப்பை வைத்து என்ன செய்வார்கள் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. ஆன் பண்ணுகிற பொத்தான் எங்கே என்று மட்டும் தெரியும். அதைச் சுற்றித்தான் அழுக்கு அதிகம்.

இதற்கு முன் டிங்கரிங் கராஜ் ஒன்றில் கார்களுக்குப் பட்டி ராவினேன். நசுங்கிய இடத்தில் பட்டி பூசி, காய்ந்ததும் வாட்டர் பேப்பரால் தேய்த்துச் சமன் செய்வதைத்தான் ராவுவது என்போம். தன் வேனுக்கு வேலை செய்விக்க வந்த மொதலாளி, நான் ராவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் பையிலிருந்து ஒரு லெப்டொப்பை எடுத்து, "இதுல ஈக்கிற கீறல எடுக்க ஏலுமா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவர் கடைக்கு வந்துவிட்டேன்.

வருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்.

"மொதலாளி, நான் முன்னால நிக்க மாட்டேங்க. கஸ்டமர் கூடப் பேச எனக்கு வராது. பின்னால ஒரு மூல குடுத்தா போதும்."

அவர் திரை போட்டுக் கொடுத்தார். அது போதாதென்று, உள்ளே யார் என்று கேட்டவர்களிடம், "ஆள் இல்ல. ஜப்பான் மெஷின். கை படாம வேல செய்யும்" என்று சொல்லத் தொடங்கினார். ஒரு நாள் தின்னர் மணம் தொண்டையில் ஏறி நான் இருமிவிட்டேன். முன்னால் ஒரு பேங்க் மெனேஜர் நின்றார். மொதலாளி கண் இமைக்கவில்லை.

"கேஸ் ரிலீஸ் பண்ணுது சேர். பயப்படாதீங்க."

அந்த மெனேஜர் மெஷினைப் பற்றிப் பலரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எனக்கு வேலை கூடியது.

2. கீறல் வகை

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுவதால் வேலையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

லெப்டொப் உடம்பு நாலு துண்டு. மேல் மூடி ஏ. திரையைச் சுற்றின சட்டம் பி. கைவைக்கிற தட்டு சி. அடிப்பாகம் டி. மொதலாளி திருகாணியைக் கழற்றித் துண்டாகத் தருவார். உள்ளே இருக்கிற பச்சைத் தகடும் வயரும் என் வேலை இல்லை.

பாதிக் கீறல் கீறலே இல்லை. மேசையின் நிறமோ பையின் நிறமோ ஒட்டியிருக்கும். ஈர ஸ்பஞ்சால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். அதற்கே மொதலாளி, "மெஷின்ல ரெண்டு தரம் போட்ட" என்பார். நகம் மாட்டுகிற கீறல்தான் உண்மையான கீறல். அதற்குப் பட்டி, வாட்டர் பேப்பர், ப்ரைமர், நிறம், கடைசியில் மெட் கிளியர் என்கிற பளபளக்காத பூச்சு. நெயில் பொலிஷ் எடுக்கிற தண்ணீரைத் தொடவே கூடாது, பிளாஸ்டிக் கரைந்து கஞ்சி ஆகிவிடும். பற்பசை பூசினால் கீறல் போகும் என்று இன்டர்நெட்டில் யாரோ சொன்னார்களாம். அப்படிப் பூசிக் கொண்டுவந்த ஒரு லெப்டொப்பைப் பார்த்தேன். பல் துலக்கின வாய் போல மணந்தது. கீறல் அப்படியே இருந்தது.

இன்னொரு வகை இருக்கிறது. அது கீறலும் இல்லை, அழுக்கும் இல்லை. சி தட்டு சொரசொரப்பாகத்தான் கொம்பனியிலிருந்து வரும். மணிக்கட்டும் வளையலும் அதில் நாள்தோறும் உரசி உரசி அந்த இடம் மட்டும் பளபளவென்று ஆகிவிடும். தேய்த்து எடுக்க முடியாது, தேய்த்தால் இன்னும் மினுங்கும். மேலே மெட் கிளியர் அடித்து மறைக்கத்தான் முடியும்.

மொதலாளியின் சட்டம் ஒன்றே ஒன்றுதான். என் மேசைக்கு எது வந்தாலும் "ஷோரூம் கண்டிஷன்" ஆகி வெளியே போகவேண்டும். ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாது. விற்கிற லெப்டொப்புக்கும் அதே சட்டம், ரிப்பேருக்கு வருகிறதற்கும் அதே சட்டம். நானும் அப்படியே செய்துகொண்டிருந்தேன்.

3. சந்தோசத்தில் எழும்பின பிள்ளை

ரிஸானா வந்தது மழை நாளில், அலவத்துகொடையிலிருந்து பஸ் ஏறி. கலியாணம் முடித்து ஒரு வருசம்கூட ஆகாத பிள்ளை. லெப்டொப்பைத் துவாயில் சுற்றி ஒரு கேக் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். நான் திரை இடுக்கால் பார்த்தேன். மொதலாளியை அண்ணன் முறை வைத்து 'நானா' என்று கூப்பிட்டாள்.

"நானா, மூல ஒடஞ்சி பெய்த்து. வெள்ளிக்கெழமைக்கு முன்ன செஞ்சி தர ஏலுமா?"

"எப்பிடி விழுந்த?"

"நான் டக்கெண்டு எழும்பின. வயர் கால்ல மாட்டிட்டு."

"லெப்டொப் ஒங்கடயா?"

"மாமிட."

மொதலாளி, "உக்காருங்க தங்கச்சி" என்று கதிரையை இழுத்துப் போட்டார். மாமியாரின் லெப்டொப் என்றால் அது சாதாரண ரிப்பேர் இல்லை என்று அவருக்குத் தெரியும். அவருக்கும் வீட்டில் மனைவியும் உம்மாவும் இருக்கிறார்கள்.

அவள் சொன்னது இதுதான். மாமி நஸீமா, கேக் அலங்காரம் செய்ய ஒன்லைனில் வகுப்பு எடுக்கிறவர். லண்டனிலும் மெல்பனிலும் மாணவிகள். அந்த லெப்டொப்பை வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது. இப்போது மாமி உம்ராவுக்காக மக்கா போயிருக்கிறார், வெள்ளிக்கிழமை வருகிறார். கண்டியில் ஒரு இன்சூரன்ஸ் கொம்பனி, வீட்டிலிருந்தே கஸ்டமருக்குப் பதில் சொல்லும் வேலைக்கு ஆள் எடுக்கிறது. இன்டர்வியூவும் கொம்பியூட்டரில்தான். மாமி இல்லாத நேரத்தில் ரிஸானா அந்த லெப்டொப்பைத் திறந்து முதல் இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தாள். அடுத்த இன்டர்வியூவுக்கும் வாருங்கள் என்று அந்தப் பக்கத்திலிருந்து சொன்னதும் துள்ளி எழும்பினாள். லெப்டொப் டைல்ஸ் தரையில் விழுந்தது.

"சந்தோசத்துல எழும்பின நானா."

"மாப்புள என்ன சொல்றாரு?"

"அவர் டோஹால. 'உம்மாட்ட நான் பேசுறன்'ங்கிறாரு. அத அவர் கலியாணத்துலேந்து சொல்ற."

"மாமிக்குத் தெரிஞ்சா ஏசுவாவா?"

"ஏசினா நல்லமே. ஏச மாட்டா. லெப்டொப்ப அலுமாரிக்குள்ள வெச்சிப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிப்பா. பொறவு அடுத்த இன்டர்வியூ ஏது, வேல ஏது? எனக்கு எப்பயும் கேக் பெட்டி மடிக்கிற வேலதான்."

அடுத்த இன்டர்வியூ மாமி வந்ததற்குப் பிறகு, மறுவாரம். அதை அந்த லெப்டொப்பில்தான் செய்யவேண்டும். எப்படி என்று அவளுக்கே தெரியாது. மாமி தொழப் போகும் நேரமா, சந்தைக்குப் போகும் நேரமா என்று ஏதோ கணக்குப் போட்டு வைத்திருந்தாள். முதலில் மூலை சரியாகவேண்டும்.

"கவலப்படாதீங்க தங்கச்சி. உள்ள ஜப்பான் மெஷின் ஈக்கி" என்றார் மொதலாளி.

4. ரோஸ் பட்டி

சில்வர் நிற மூடியில் ஒரு மூலைக்கு மட்டும் நிறம் அடித்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். மூடி முழுவதையும் ராவித்தான் அடிக்கவேண்டும். உடைந்த மூலையை விட்டுவிட்டு, எதிர்ப்பக்க மூலையிலிருந்து ராவத் தொடங்கினேன். நிறம் போனது. கீழே ரோஸ் நிறம் எட்டிப் பார்த்தது.

லெப்டொப் லைனில் எல்லோரும் வெள்ளைப் பட்டிதான் போடுவார்கள். கராஜ் பழக்கத்தில் நான் மட்டும் கார்ப் பட்டி போடுவேன். அதில் கலக்கிற சிவப்பு மருந்தால் ரோஸாக வரும். அந்த மூலையில் இருந்தது என் பட்டி.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரிஸானாவின் கலியாணத்துக்கெல்லாம் முந்திய காலம். ஒரு அம்மா இதே போல ஒரு கேக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் போட்டிருந்த அபாயா அங்கியின் கையில் நீல ஐசிங் காய்ந்திருந்தது.

"மகன் டோஹாலேந்து அனுப்பின. வந்து ஒரு கெழம ஆகல்ல. கேக்க சுத்திக் காட்டுற தட்டு ஈக்கே, அதுல லெப்டொப்ப வெச்சா கெமராவும் சுத்துமேண்டு நெனச்சேன். சுத்தினேன். பறந்திட்டு."

மொதலாளி சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே குனிந்து பேனை தேடினார்.

"சிரிக்காதீங்க. மகனுக்குத் தெரியப்படாது. வீட்டுல ஒரு குருவிக்கும் தெரியப்படாது. நீங்க ஏதோ மெஷின் மெஷின்ங்கிறீங்களே, அதக் காட்டுங்க. நான் பாத்துட்டுத்தான் குடுப்பேன்."

மொதலாளி தடுக்கும் முன் திரையை இழுத்துவிட்டார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"இதா மெஷின்?" என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "பகல் சாப்பிட்டீங்களா?"

அதுதான் நஸீமா மாமி. மருமகள் இடப்பக்க மூலையை உடைத்தாள். மாமி அதற்கு முன்பே வலப்பக்க மூலையை உடைத்திருக்கிறார். இரண்டு பேரும் கேக் பெட்டியில் வைத்து என்னிடமே கொண்டுவந்திருக்கிறார்கள்.

மொதலாளியைக் கூப்பிட்டு ரோஸைக் காட்டினேன். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு.

"பாக்கியம்மா, இத அந்தப் புள்ளக்கிட்ட சொல்லுவோம். பொறவு மாமி வாய் தொறக்க ஏலுமா?"

"வேணாங்க."

"ஏன்?"

"பட்டிக்குக் கீழ இருக்கிறத நாம சொல்லக் கூடாதுங்க. கராஜ்ல அப்படித்தான் வேல பழகினேன். இன்னிக்கு அந்தம்மா விசயத்த இதுகிட்ட சொன்னா, நாளைக்கு இது விசயத்த அந்தம்மாகிட்ட சொல்லுவீங்க."

"நானா? சே!" என்றார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மூன்று நாள் அந்தக் கதையை விழுங்க முடியாமல் வாயை மூடிக்கொண்டு கடையில் நடந்தார். வந்தவர்களிடம் லேடி டொக்டரைச் சொல்லக்கூட மறந்துவிட்டார்.

5. ஷோரூம் கண்டிஷன்

நான் மனம் வைத்து வேலை செய்தேன். இரண்டு மூலையையும் ஒரே அச்சாகக் கொண்டுவந்தேன். மூடி முழுக்கப் புது நிறம். சி தட்டில் ஒரு பக்கம் வளையல் உரசி இரண்டு பளபளப்புக் கோடுகள் ஆழமாக இருந்தன. ஷோரூம் கண்டிஷன் சட்டப்படி அதற்கும் மெட் கிளியர் அடித்தேன். கோடு மறைந்தது. அந்தக் கோடு எந்தப் பக்கம் இருந்ததென்றும் நான் யோசிக்கவில்லை. ராவும்போது தட்டு மடியில் இப்படியும் அப்படியும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு வலம் இடம் கிடையாது.

வியாழக்கிழமை காலையில் ரிஸானா வந்தாள். மொதலாளி கல்யாணப் பெண்ணுக்கு முக்காடு எடுப்பது போலத் துணியை எடுத்தார்.

"மாஷா அல்லாஹ்!" என்றாள். மூலையைத் தடவிப் பார்த்தாள். மூடியைத் திறந்தாள். குனிந்து தட்டில் எதையோ தேடினாள்.

"என்ன தங்கச்சி?"

"மாமிட காப்புத் தடம் எங்க?"

"என்ன தடம்?"

"காப்பு ஒரசின தடம், நானா! ரெண்டு கோடு ஈந்திச்சே! அதக் காட்டித்தான் அவ வகுப்புலயே சொல்லுவா, 'பாருங்க புள்ளகள், இது உழச்ச கை'ண்டு. ஒவ்வொரு புது வகுப்புலயும் காட்டுவா. அல்லாவே, இது புது லெப்டொப் மாதிரி ஈக்கே! இதப் பாத்தா அவ வாசல்லயே கண்டுபிடிப்பா!"

மொதலாளி பாராட்டு வாங்கவென்று தொண்டையைச் செருமி வைத்திருந்தார், பாவம்.

"அப்ப என்ன செய்யணும்?"

"பழசாக்கித் தாங்க."

"தங்கச்சி, பதினஞ்சி வருசமா யாவாரம் செய்றேன். கீறித் தாங்கண்டு ஒருத்தரும் கேக்கல்ல."

நான் திரையை விலக்கினேன். கஸ்டமர் நிற்கும்போது நான் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. ரிஸானா என்னைப் பார்த்து, மெஷினைத் தேடினாள்.

"உள்ள வா புள்ள," என்றேன்.

6. இங்கிலிஸ் பேசின மெஷின்

மூடியைப் பழசாக்குவது சுலபம். சட்டி கழுவுகிற பச்சைப் பிரஷை வைத்து ஒரு தரம் லேசாக இழுத்தேன். சாவியால் ஓரத்தில் ஒரு கோடு. கீலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நீல ஐசிங் கலர். மொதலாளி எட்டிப் பார்த்து, தன் நெஞ்சிலேயே கீறுவது மாதிரி முகத்தைச் சுளித்தார்.

வளையல் தடம்தான் கஷ்டம். வாட்டர் பேப்பரால் தேய்த்தால் கீறல் வரும், மினுக்கம் வராது. வளையல் உரசியதை வளையல்தான் செய்யவேண்டும். ரிஸானாவின் கலியாணக் காப்பில் கட்டிங் பேஸ்ட் என்கிற மினுக்குப் பசையைக் கொஞ்சம் பூசி, கை வைத்து டைப் பண்ணுகிற மாதிரி அசைக்கச் சொன்னேன். அப்படியே மெதுவாக மினுங்க ஆரம்பித்தது.

"எந்தப் பக்கம் புள்ள?" என்று கேட்டேன்.

"இடப்பக்கம்."

என் கை வலப்பக்கம் என்றது. ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தட்டைப் பிடித்துத் தேய்த்த விரலுக்கு அப்படி ஒரு எண்ணம். "நல்லாத் தெரியுமா?" என்று கேட்க வாய் வரை வந்தது. அவளோ ஒவ்வொரு நாளும் பார்க்கிறவள். நான் விட்டுவிட்டேன். எனக்குப் பேச வராதே.

அன்று பகல் முழுக்க அவள் திரைக்குப் பின்னால் என் முக்காலியில் உட்கார்ந்து உரசினாள். சும்மா உரசுவானேன் என்று மறுவார இன்டர்வியூவுக்குச் சொல்ல வேண்டியதையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினாள். எல்லாம் இங்கிலிஸ். கேள்வியையும் அவளே கேட்டு, பதிலையும் அவளே சொன்னாள். முன்னால் ஒரு வாத்தியார் சார்ஜர் வாங்க வந்திருந்தார்.

"நௌஷாத், உள்ள யார் இங்கிலிஸ்ல பேசுற?"

"மெஷின் சேர். வேல முடிஞ்சா ரிப்போர்ட் சொல்லும்."

"கஸ்டமருக்கு நன்றியும் சொல்லுதே!"

"ஜப்பான்காரன் மரியாதையானவன் சேர்."

ரிஸானா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அந்தக் குலுக்கலில் தடம் இன்னும் நன்றாக விழுந்தது. பின்னேர அஸர் தொழுகைக்கு முன் இரண்டு கோடும் தெளிவாக வந்துவிட்டன. துடைத்துப் பார்த்தோம். பழைய தடம் போலவே இருந்தது. கேக் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனாள்.

7. வலப்பக்கம்

மாமி வெள்ளிக்கிழமை வந்துவிட்டார். அடுத்த புதன்கிழமை காலை, கடை திறந்த கையோடு படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அடுத்த நாள்தான் ரிஸானாவின் இரண்டாவது இன்டர்வியூ. அவள்தான் ஏதோ கேட்க வருகிறாள் என்று நினைத்தேன்.

"நௌஷாத், ஒங்கட மெஷினுக்கு வலம் எடம் தெரியாதா?"

இடுக்கால் பார்த்தேன். நஸீமா மாமி. ஒரு கையில் கேக் பெட்டி. இன்னொரு கையில் பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் இருந்த பை.

"அடடே மாமி! உம்ரா எல்லாம் நல்லா முடிஞ்சதா? மாஷா அல்லாஹ், முகத்துல என்ன ஒரு வெளிச்சம்..."

"வெளிச்சத்த விடுங்க." லெப்டொப்பைக் கவுண்டரில் வைத்துத் திறந்தார். வலது கையை நீட்டிக் காட்டினார். காப்பு இரண்டும் அந்தக் கையில். இடது கையில் தோல் பட்டி போட்ட மணிக்கூடு. "என்ட காப்பு இந்தக் கைல. தடம் அந்தப் பக்கம் எப்பிடி விழும்? நான் என்ன, கைய மாத்திப் போட்டா மக்காவுக்குப் போன?"

மொதலாளி தடத்தைப் பார்த்தார். மாமியின் கையைப் பார்த்தார். "வெயில்ல... சில பிளாஸ்டிக் இடம் மாறும் மாமி" என்றார். அவர் சொன்ன பொய்களிலேயே அதுதான் மோசமானது.

"மருமகள்ட்டக் கேட்டேன். இங்கதான் செஞ்செண்டு சொன்னா. எந்தப் பக்கம் ஈந்திச்செண்டு அவள்ட வாயால சொல்ல வெச்சேன். எடப்பக்கம்ங்கிறா. பொறவுதான் வெளங்கின. வகுப்பு முடிஞ்சா நான் இத நல்லாத் தொறந்து, மேசைல தட்டையா வெச்சிடுற, கேக் ஆற வெக்கிற மாதிரி. சூடு போகணுமே. அவ எப்பயும் மேசைக்கு அந்தப் பக்கம் நிண்டு பெட்டி மடிப்பா. என்ட வலம் அவக்கு எடம்."

ஒரே மேசையில் ஒரு வருசம். அந்தப் பிள்ளை ஒரு நாளும் மாமியின் பக்கம் வந்து நின்றதில்லை. அதை மாமியும் அப்போதுதான் யோசித்தார் போல.

"ஏன் எடுத்தண்டு கேட்டா வாயத் தொறக்கல்ல. அழுற. என்ட சாமான எனக்குத் தெரியாம எடுத்து, ஒடச்சி, பொய்த் தடமும் போட்டு வெச்சீக்கி. எனக்கு இது வேணாம். இத வெச்சிட்டு வேற ஒண்டு தாங்க. அத அலுமாரில வெச்சிப் பூட்டுறேன்."

மொதலாளி திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மாமியும் பார்த்தார்.

"பாக்கியம், வெளிய வாங்க. ஒங்கள்ட்ட ஒண்டு கேக்கணும்."

வந்தேன். கை முழுக்க ப்ரைமர். மாமி குரலைத் தாழ்த்தினார்.

"நான் அந்த சுத்துற தட்டுல வெச்சி ஒடச்ச கத... அவள்ட்ட சொன்னீங்களா?"

"நான் மெஷினுங்க," என்றேன். "மெஷின் எங்க பேசும்?"

மாமி நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். அந்த மூச்சில்தான் அவர் எதற்குப் பயந்துகொண்டு படி ஏறி வந்தார் என்று தெரிந்தது. மூலை உடைந்ததைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இல்லை.

அதோடு நான் உள்ளே போயிருக்கலாம். வழக்கமாகப் போயிருப்பேன். லெப்டொப் கவுண்டரில் இருந்தது, மொதலாளி அதை வாங்கி உள்ளே வைக்கக் கை நீட்டியிருந்தார். நாளைக்கு இன்டர்வியூ. வலப்பக்கம் என்று என் கை சொன்னபோது நான் வாயைத் திறந்திருந்தால் இந்த அம்மா இன்றைக்குப் படி ஏறியிருக்கவே மாட்டார்.

"அந்தப் புள்ள ஒரு வேலைக்குப் பேசப் போறதுக்குத்தாங்க அத எடுத்துச்சு," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "வீட்டுல இருந்துகிட்டே செய்ற வேல. மொதல் தடவ பேசி எடுபட்டுருச்சு. அந்தச் சந்தோசத்துலதான் எந்திரிச்சிச்சு. அதான் விழுந்துருச்சு. நாளைக்கு இன்னொரு தடவ பேசணும்."

"இதுல?"

"இதுலதாங்க."

மாமி லெப்டொப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே பஸ்காரன் அக்குரணை, அக்குரணை என்று கத்துவது கேட்டது.

"நீங்க எப்பிடிக் கண்ட?"

"இந்த முக்காலியில உக்காந்துதாங்க அந்தத் தடத்தப் போட்டுச்சு. உரசிக்கிட்டே இங்கிலிஸ்ல பேசிப் பழகுச்சு."

"எப்பிடிப் பேசின?"

"எனக்கு வெளங்கலங்க. ஆனா நிக்காமப் பேசுச்சு."

"ஒரு வாத்தியார் கேட்டுட்டு, மெஷின் நல்ல இங்கிலிஸெண்டு சொல்லிட்டுப் போனாரு," என்றார் மொதலாளி. மூன்று நாள் வாயை மூடியிருந்த மனிதருக்கு, ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு வந்த சிரிப்பு. முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டார். "என்ட மகனும் 'உம்மாட்ட பேசுறன், உம்மாட்ட பேசுறன்'ண்டு இருந்தீப்பானே?"

"கலியாணத்துலேந்து சொல்றாராம்," என்றார் மொதலாளி.

"அவன்ட வாப்பாவும் அப்பிடித்தான்."

பிறகு லெப்டொப்பை என் பக்கம் தள்ளினார். "என்ட தடத்த வலப்பக்கம் போட்டுத் தாங்க."

"இடப்பக்கம் இருக்கிறத எடுத்துரணுமாங்க?"

அதை நான் கேட்டேன். அவ்வளவு காலத்தில், எடுக்கவா விடவா என்று ஒரு கஸ்டமரிடம் நானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமி, மருமகள் போட்ட அந்த இரண்டு கோட்டின் மேல் விரலை வைத்து, மேலும் கீழும் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தார்.

"ஈக்கட்டும்," என்றார். "அது அவட."

திரைக்குப் பின்னால் வந்து அதே முக்காலியில் உட்கார்ந்தார். காப்பில் கட்டிங் பேஸ்ட் பூசிவிட்டேன். முக்காலி ஆடுது, தின்னர் மணக்குது, இந்த இருட்டில எப்பிடித்தான் வேல செய்றீங்க என்று நொட்டை சொல்லிக்கொண்டே உரசினார். பேரீச்சம்பழத்தில் ஒன்றை எடுத்து, ப்ரைமர் கை என்பதால் என் வாயிலேயே வைத்தார். மருமகளை விட வேகமாகத் தடம் விழுந்தது. கேக் பிசைந்த கை.

அடுத்த நாள் நடந்ததை ரிஸானா பிறகு வந்து சொன்னாள். மாமி மேசையைத் துடைத்து, லெப்டொப்பைத் தன் இடத்திலேயே வைத்து, தன் கதிரையையே இழுத்துப் போட்டிருக்கிறார். குக்கரை அணைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கே சேவலைக்கூடப் பிடித்துக் கூடையில் மூடச் சொல்லியிருக்கிறார். பிறகு மேசைக்கு எதிர்ப் பக்கம், ரிஸானா வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்று, சத்தம் வராமல் கேக் பெட்டி மடித்திருக்கிறார். வேலை கிடைத்துவிட்டது. இப்போது லெப்டொப் காலையில் மருமகளுக்கு, மாலையில் மாமிக்கு. யார் சார்ஜ் போடாமல் வைத்தது என்று நாள்தோறும் சண்டையாம். போன மாதம் துடைக்கக் கொண்டுவந்தார்கள், இரண்டு பேரும் சேர்ந்து. கைவைக்கிற தட்டில் இரண்டு பக்கமும் மினுங்கியது. நான் தூசியை மட்டும் துடைத்துக் கொடுத்தேன்.

ஷோரூம் கண்டிஷன் சட்டம் விற்கிற லெப்டொப்புக்கு மட்டும் என்று இப்போது மாற்றிவிட்டோம். ரிப்பேருக்கு வந்தால் நான் திரைக்கு வெளியே வருகிறேன். கூச்சம் போகவில்லை, கஸ்டமரின் செருப்பைப் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறேன். பேசுகிறேன், அவ்வளவுதான். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியதும் இதுதான். எந்தக் கீறலை எடுக்கவேண்டும் என்று கஸ்டமர் தானாகவே விரல் வைத்துக் காட்டுவார். எதை எடுக்கக்கூடாது என்பதை அவர் சொல்ல மாட்டார். அவருக்கு அது கண்ணிலேயே படாது, போன பிறகுதான் தேடுவார். அதனால் வாட்டர் பேப்பரை நனைக்கும் முன் நீங்கள் கேளுங்கள். எந்தப் பக்கம் என்பதை, எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தார் என்பதோடு சேர்த்துக் கேளுங்கள்.